சிராய் மணக்கும் வேதிப் பொறியியல்

கேலாங் சிராய் ஈரச்சந்தையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் எலுமிச்சைப் புல்லை நம்மில் பலர் தோம் யாமுக்கும் ரெண்டாங்குக்கும் மட்டுமே வாங்குகிறோம். தமிழில் சிராய் என்றால் விரலில் ஏறும் மரச்சில்லு. மலாயில் அது இந்தப் புல். வட்டாரப் பெயரின் பின்பாதி இதிலிருந்துதான் வந்தது. முன்பாதியான ‘கேலாங்’ எங்கிருந்து வந்தது என்பதில் பல கருத்துகள் உண்டு. ‘கிலாங்’ என்ற மலாய்ச் சொல்லின் திரிபு அது என்பது அவற்றுள் ஒன்று. கிலாங் என்றால் ஆலை. அப்படிப் பார்த்தால் கேலாங் சிராய் என்பது ‘புல் ஆலை’.

19ஆம் நூற்றாண்டில் இங்கே உண்மையிலேயே அப்படியோர் ஆலை இருந்தது. அரபு வணிகக் குடும்பமான அல்சகாஃப் குடும்பத்தினரின் ‘பெர்செவரன்ஸ்’ தோட்டத்தில் எலுமிச்சைப் புல் பயிரானது. அதிலிருந்து வடித்த எண்ணெய் வாசனைப் பொருளாகக் கப்பலேறியது. பிறகு அந்தத் தொழில் நொடித்தது. புல் இருந்த இடத்தில் தென்னை வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளி வந்தது. ஆலை போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

புல்லைக் கொதிக்க வைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்து, எண்ணெயைப் பிரித்தெடுப்பது. இந்த மூன்று வேலைகளும் இன்று பல்கலைக்கழகங்களில் வேதிப் பொறியியல் என்ற பெயரில் நான்கு ஆண்டுகள் கற்பிக்கப்படும் பாடத்தின் முக்கியப் பகுதிகள். அன்று அதைச் செய்தவர்கள் எந்தப் பட்டமும் பெறாதவர்கள். இன்று பட்டம் பெறுபவர்களில் எத்தனை பேர் ஒரு முறையாவது தங்கள் கையால் எதையாவது காய்ச்சி வடித்திருப்பார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கண்ணுக்குத் தெரிந்த ஆலை

காலாங் ஆற்றைத் தாண்டினால் இன்னொரு பழைய ஆலையின் இடம் இருக்கிறது. 1862ல் கட்டப்பட்ட காலாங் எரிவாயு ஆலை அது. 1864 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளன்று, சிங்கப்பூரின் தெருக்களில் முதன்முதலாக எரிவாயு விளக்குகள் எரிந்தன. காற்றுப் புகாத கலன்களில் நிலக்கரியை நெருப்பாய்ச் சூடேற்றுவார்கள். வெளிவரும் கரும்புகை போன்ற வாயுவைக் குளிர்வித்தால் தார் பிரியும். தண்ணீரில் கழுவினால் அமோனியா பிரியும். கந்தக வாயுவை வேறொரு கலனில் பிடித்து வைப்பார்கள். எஞ்சும் வாயு குழாய் வழியே ஊருக்குள் போகும். கலனுக்குள் மிஞ்சியது கற்கரி, அதையும் விற்பார்கள்.

ஆலையின் அடையாளம் அதன் எரிவாயுத் தொட்டி. தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த பிரம்மாண்டமான டம்ளர் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். வாயு நிரம்ப நிரம்ப டம்ளர் மேலே எழும். ஊரார் மாலையில் அடுப்பைப் பற்றவைக்கப் பற்றவைக்க அது கீழே இறங்கும். சீனர்கள் அந்த வட்டாரத்தை ‘நெருப்பு நகரம்’ என்ற பொருளில் அழைத்தார்கள். அந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு, ‘கையிருப்பு, வரவு, செலவு’ என்ற கணக்கை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் போதும். வேதிப் பொறியியலின் முதல் பாடமான பொருள் சமநிலைக் கணக்கும் அதுதான்: உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, உள்ளே தங்கியது எவ்வளவு.

அந்த ஆலை 1998 மார்ச்சில் மூடப்பட்டது. உற்பத்தி செனோக்கோவுக்குப் போனது. தொட்டியின் பாகங்கள் ஒரு சிற்பமாகி, காலாங் ஆற்றோரப் பூங்காவில் நிற்கின்றன.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2000 அக்டோபரில், ஜூரோங் தீவு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. ஏழு சிறு தீவுகளைக் கடல் மண்ணால் இணைத்து உருவாக்கிய அந்த ஒரே தீவில் சுத்திகரிப்பு ஆலைகள், பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலைகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இயங்குகின்றன. நம் பொருளியலின் பெரிய தூண்களில் ஒன்று. ஆனால் பாதுகாப்பு அனுமதி இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. அது நியாயமான ஏற்பாடுதான். அதனால் வந்த விளைவையும் சொல்ல வேண்டும். அப்பா பதினைந்து ஆண்டுகளாக அங்கே வேலை பார்த்தாலும், அவர் என்ன செய்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. ‘பிளாண்ட்ல வேலை’ என்பதோடு சரி. ஒரு காலத்தில் ஊர் நடுவே எல்லார் கண்ணுக்கும் தெரிந்த தொழில், வேலிக்கு அப்பால் போய்விட்டது. ஆலையை இனிக் கண்ணால் பார்த்துக் கற்க முடியாது என்றால், அதை வகுப்பறைக்குள் கொண்டுவரத்தான் வேண்டும்.

வேதியியல் வேறு, இது வேறு

இரண்டையும் ஒன்றென நினைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். ‘கெமிஸ்ட்ரியில நல்ல மார்க், அதனால கெமிக்கல் எஞ்சினியரிங்’ என்று சேர்த்துவிடுவார்கள். முதலாண்டில் குழாய், பம்ப், வெப்பம், அழுத்தம் என்று பாடம் தொடங்கியதும் பிள்ளை திகைத்துப் போகும்.

சோதனைக் குழாயில் எது எதோடு சேர்ந்தால் எது உருவாகும் என்பது வேதியியல். அதையே லாரி லாரியாக, ஆளுக்கும் ஊருக்கும் ஆபத்தில்லாமல், கட்டுப்படியாகும் விலையில் செய்வது எப்படி என்பது வேதிப் பொறியியல். இதைத் தனித் துறையாகப் பார்க்க வேண்டும் என்று முதலில் வாதிட்டவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் டேவிஸ். கார ஆலைகள் ஊர்க் காற்றைக் கெடுக்கின்றனவா என்று சோதிக்கும் அரசாங்க ஆய்வாளராக இருந்தவர் அவர். ஆலை ஆலையாக ஏறி இறங்கிப் பார்த்ததையெல்லாம் வைத்து 1887ல் மான்செஸ்டரில் 12 சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆக, இந்தப் படிப்பே ஒருவரின் கள அனுபவத்திலிருந்துதான் பிறந்தது.

1915ல் அமெரிக்காவின் ஆர்தர் லிட்டில் இன்னொரு படி மேலே போனார். சோப்பு ஆலை, சர்க்கரை ஆலை, எண்ணெய் ஆலை எதுவானாலும் உள்ளே நடப்பவை ஒரு சில செயல்களே என்றார்: சூடேற்றுதல், குளிர்வித்தல், காய்ச்சி வடித்தல், வடிகட்டுதல், உலர்த்துதல், அரைத்தல், கலக்குதல். இவற்றை ‘அலகுச் செயல்பாடுகள்’ என்று அழைத்தார். புல் ஆலைக்கும் எரிவாயு ஆலைக்கும் உள்ள ஒற்றுமை இதுவே. சூடேற்று, ஆவியைக் குளிர்வி, பிரி. ஒன்றில் வாசனை எண்ணெய் வந்தது, மற்றதில் தார் வந்தது.

ஆலைக்குள்ளேயே வகுப்பு நடத்த வேண்டும் என்பதும் லிட்டிலும் அவருடைய நண்பர் வில்லியம் வாக்கரும் முன்வைத்த யோசனை. 1916ல் எம்ஐடியில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. கோடக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் பணம் கொடுத்தார். மாணவர்கள் தொழிற்சாலைகளில் தங்கி, அங்குள்ள உண்மையான சிக்கல்களுக்குத் தீர்வு தேடினார்கள். நூறு ஆண்டுகள் கடந்தும் அந்தத் திட்டம் நடக்கிறது. இந்தியாவில் பிலானியின் பிட்ஸ் கல்லூரி 1970களில் இதே பெயரில் தொடங்கிய திட்டத்தைத் தமிழகப் பெற்றோர் பலர் அறிவார்கள்.

அடுப்பில் ஒரு புல் ஆலை

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உயரமான குண்டான் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சிறு தாங்கி, அதன்மேல் காலிக் கிண்ணம். சந்தையில் வாங்கிய சிராய் 300 கிராமைத் தட்டி, நறுக்கி, கிண்ணத்தைச் சுற்றிப் போட்டு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் கிண்ணத்துக்குள் போகக்கூடாது. மூடியைத் தலைகீழாக வையுங்கள். கைப்பிடிக் குமிழ் கிண்ணத்துக்கு நேராகக் கீழ்நோக்கி இருக்கட்டும். மூடியின் குழிவில் பனிக்கட்டி. அடுப்பு மிதமாக எரியட்டும். மூடியை எதைக் கொண்டும் அடைக்காதீர்கள். ஆவி கொஞ்சம் வெளியேற இடம் வேண்டும். அடியில் தண்ணீர் வற்றவும் விடக்கூடாது.

ஆவி மேலெழுந்து, குளிர்ந்த மூடியில் பட்டு நீராகி, குமிழ் வழியே சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். அரை மணி நேரம் கழித்து அடுப்பை அணைத்து, நன்றாக ஆறிய பிறகு திறந்து பாருங்கள். கிண்ணத்து நீரின் மேல் மெல்லிய பளபளப்பு தெரிந்தால் அதுதான் எண்ணெய். நிறைய எதிர்பார்க்க வேண்டாம். நூறு கிலோ பச்சைப் புல்லுக்கே அரைக் கிலோவுக்கும் குறைவாகத்தான் எண்ணெய் கிடைக்கும். உங்கள் 300 கிராமில் அதிகபட்சம் ஒரு கிராம் இருக்கும், அதிலும் பாதி மூடியில் ஒட்டிக்கொள்ளும்.

வாசனையோடு விட்டுவிட்டால் அது சமையல். எடை போட்டால்தான் பொறியியல். தொடங்கும் முன்பே புல், தண்ணீர், பனிக்கட்டி எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். முடிந்த பிறகு கிண்ணத்து நீர், குண்டானில் மிஞ்சிய நீரும் புல்லும், மூடியில் உருகிய நீர். கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். கொஞ்சம் எடை காணாமல் போயிருக்கும். எங்கே போனது? மூடியின் விளிம்பில் தப்பிய ஆவியாக, வீடு முழுக்க மணமாக. எவ்வளவு போனது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது, பொருள் சமநிலைக் கணக்கு அதன் சொந்தக் கணக்காகிவிடுகிறது.

இன்னொரு விஷயமும் கண்ணில் படும். கிண்ணத்தில் சேரும் நீரைவிடப் பனிக்கட்டி பல மடங்கு வேகமாகக் கரையும். ஒரு கிலோ நீராவியை நீராக்க 2,257 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல்தான் வாங்கிக்கொள்ளும். அதாவது கிண்ணத்தில் 100 மில்லி சேர வேண்டுமென்றால், உருகுவதை மட்டும் கணக்கில் எடுத்தால் ஏறத்தாழ 700 கிராம் பனிக்கட்டி வேண்டும். பனிக்கட்டிக்குப் பதில் பைப் தண்ணீரை ஓடவிட்டு, அது 10 டிகிரி மட்டுமே சூடேறலாம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ ஆவிக்கு 54 கிலோ தண்ணீர் தேவை. ஆலைகள் ஏன் ஆற்றையும் கடலையும் தேடிப் போகின்றன என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

எலுமிச்சைப் புல்லின் மணத்துக்குக் காரணமான சிட்ரால் 229 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனாலும் 100 டிகிரியைத் தாண்டாத உங்கள் குண்டானிலிருந்து அது எப்படி வெளியே வந்தது? நீரும் எண்ணெயும் கலக்காதவை. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஆவி அழுத்தத்தைக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டினால் போதும், கொதி வந்துவிடும். நீராவி தன்னோடு எண்ணெயையும் கைப்பிடித்து அழைத்து வருகிறது. புத்தகத்தில் இது ஒரு சமன்பாடு. படிக்கும்போது புரியாத மாணவருக்கும் இந்தக் குண்டானைத் திறக்கும்போது புரிந்துவிடும்.

டம்ளரும் அண்டாவும்

இதெல்லாம் பொழுதுபோக்குப் போலத் தோன்றலாம். அடுத்துச் சொல்லப்போவது அப்படியல்ல.

தேக்காவில் தே தாரிக் ஆற்றுபவரைப் பாருங்கள். குவளையிலிருந்து குவளைக்குத் தேநீர் நீண்ட நாடாவாக இறங்குகிறது. அதே தேநீரின் காற்றுபடும் பரப்பு பல மடங்கு கூடுவதால் சட்டென்று ஆறுகிறது. நம் டபரா டம்ளரும் அதையேதான் செய்கிறது. இப்போது எதிர்த்திசையில் யோசியுங்கள். கோயில் அன்னதானத்தில் அண்டாவில் இருக்கும் சாம்பார், பந்தி முடிந்த பிறகும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். வீட்டுக் கிண்ணத்துச் சாம்பார் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். சாம்பார் ஒன்றுதான். பாத்திரத்தின் அளவு மட்டுமே மாறியது.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும், வெளிப்பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். வெப்பம் உருவாவது கொள்ளளவில். வெளியேறுவது பரப்பு வழியே. பாத்திரம் பெரிதாக ஆக, வெப்பத்துக்கு வாசல் சிறிதாகிறது. ஒரு 200 மில்லி டம்ளர், ஒரு 2 லிட்டர் சட்டி, ஒரு பெரிய குண்டான் மூன்றிலும் வெந்நீர் ஊற்றி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியில் பார்த்து எழுதினால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட இதை வரைபடமாக வரைந்துவிடும்.

2007 டிசம்பர் 19ஆம் தேதி அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில் நகரில் டி2 லேபரட்டரிஸ் என்ற சிறிய ஆலை வெடித்தது. பெட்ரோலில் சேர்க்கும் ஒரு பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். வினை வெப்பத்தை உமிழும் வகை. அன்று குளிரூட்டலில் கோளாறு என்று பணியாளர் உரிமையாளர்களுக்குத் தகவல் சொன்னார். அவர்கள் வந்து சேர்ந்த சற்று நேரத்தில் கலன் வெடித்தது. 4 பேர் இறந்தார்கள், 32 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் உரிமையாளர்களுள் ஒருவர். பட்டம் பெற்ற வேதிப் பொறியாளர்.

அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. ஆய்வகத்தில் ஒரு லிட்டர் கலனில் சோதித்த வினையை, ஏறத்தாழ 9,300 லிட்டர் கொள்ளும் கலனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நம் டம்ளர்-அண்டா கணக்கைப் போட்டால், ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் குளிரும் பரப்பு 21ல் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். குளிரூட்டலுக்கு மாற்று ஏற்பாடும் இல்லை. வினை கட்டுமீறி ஓடக்கூடும் என்பதை நிறுவனம் உணரவே இல்லை என்று வாரியம் 2009ல் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையின் பரிந்துரை என் கவனத்தை ஈர்த்தது. ஆலைக்கு மட்டும் அறிவுரை சொல்லாமல், கல்லூரிகளை நோக்கி விரல் நீட்டியது அது. வேதிப் பொறியியல் இளநிலைப் பாடத்திட்டத்தில் இத்தகைய ஆபத்துகளைக் கற்பிக்க வேண்டும் என்றது. பிறகு அமெரிக்கத் தர அங்கீகார அமைப்பு தன் விதியிலேயே அதைச் சேர்த்தது.

போபாலிலும், 1984ல், மீத்தைல் ஐசோசயனேட் தொட்டியைக் குளிராக வைத்திருக்க வேண்டிய இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. அண்டா தானாக ஆறாது என்பதைச் சமன்பாடாக அறிந்திருப்பது ஒன்று. கையால் தொட்டு அறிந்திருப்பது வேறு. முன்னதைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடலாம்.

செய்முறை என்றாலே செய்வதா?

எல்லாக் கல்லூரிகளிலும் ஆய்வகம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் வழக்கமான செய்முறை வகுப்பு எப்படி நடக்கும்? ஒரு காய்ச்சி வடிக்கும் கோபுரம், அதைச் சுற்றிப் பத்துப் பேர். ஒருவர் வால்வைத் திருகுவார், ஒருவர் எழுதுவார், எட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். விடை முன்கூட்டியே கையேட்டில் இருக்கும். விடை வராவிட்டால், வந்ததாக எழுதிக் கொடுப்பதும் நடக்கும். இதைச் செய்முறை என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு.

உலகில் பலர் இதை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வில்லியம் ரிஸ்டன்பார்ட், டோனியா கூல் என்ற இரு பேராசிரியர்கள் 2013ல் காப்பியை வைத்தே வேதிப் பொறியியல் அறிமுக வகுப்பைத் தொடங்கினார்கள். கொட்டையை வறுப்பது வேதி வினை. அரைப்பது, வெந்நீரில் சாரம் இறக்குவது, வடிகட்டுவது எல்லாம் லிட்டில் சொன்ன அலகுச் செயல்பாடுகள். பருவ இறுதியில் ஒரு போட்டி: மிகக் குறைந்த மின்சாரத்தில் மிகச் சுவையான காப்பி யாருடையது? சில மாணவர்களோடு தொடங்கிய வகுப்பு வளாகத்தின் மிகப் பிரபலமான விருப்பப்பாடங்களில் ஒன்றானது. பித்தளை ஃபில்டரும் டிகாக்‌ஷனும் தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்தும், நம் கல்லூரிகளுக்கு இந்த யோசனை முதலில் வரவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் வான் வீ குழுவினர் மேசைமேல் வைக்கக்கூடிய, உள்ளே நடப்பது தெரியும் சிறு கருவிகளை உருவாக்கினார்கள். சாதாரண விரிவுரை அறையிலேயே சில மாணவர்களுக்கு ஒன்று என்று கொடுத்துவிடலாம். ஆய்வகம் கட்டப் பணமில்லாத கல்லூரிகளுக்கு இது பெரிய வரம்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி எதிர்ப்பக்கம் போனது. நகர மையத்தில் இருக்கும் வளாகத்துக்குள்ளேயே நான்கு மாடி உயரத்துக்குக் கரியமிலவாயுவைப் பிடிக்கும் ஒரு சோதனை ஆலையை 2012ல் கட்டியது. மாணவர்களே அதை இயக்குகிறார்கள். கோளாறு வந்தால் என்ன செய்வது என்பதும் பயிற்சியின் பகுதி.

அமெரிக்க வேதிப் பொறியாளர் கழகம் 1999ல் தொடங்கிய ‘கெம்-ஈ-கார்’ போட்டி எனக்குப் பிடித்தது. காலணிப் பெட்டி அளவுக் கார். வேதி வினையால் ஓட வேண்டும், வேதி வினையால் நிற்கவும் வேண்டும். பிரேக் கிடையாது. எவ்வளவு தூரம், எவ்வளவு சுமை என்பது போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்புதான் தெரியும். வேகமாக ஓடுவதில் பெருமை இல்லை, சொன்ன இடத்தில் நிற்பதில்தான் வெற்றி. பல மாதம் கணக்குப் போட்டு வந்த கார், அரங்கின் குளிர்சாதனக் காற்றில் வினை மெதுவாகிப்போய்க் கோட்டைத் தாண்டி ஓடக்கூடும். வெப்பநிலை வினை வேகத்தை மாற்றும் என்பதை அந்த மாணவர் வாழ்நாளில் மறக்க மாட்டார்.

நம் ஊரில்

சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி 2004ல் சிடிஐஓ என்ற அனைத்துலக முயற்சியில் இணைந்தது. எண்ணு, வடிவமை, உருவாக்கு, இயக்கு என்ற நான்கு சொற்களின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். எம்ஐடியும் மூன்று சுவீடன் பல்கலைக்கழகங்களும் தொடங்கியது அது. இக்கல்லூரியின் வேதிப் பொறியியல் பட்டயப் படிப்பும் அந்த வழியில் மாற்றி அமைக்கப்பட்டது. ஜூரோங் தீவில் உள்ள வேதிச் செயல்முறைத் தொழில்நுட்ப நிலையத்தில் பயிற்சிக்கென்றே ஓர் ஆலை இயங்குகிறது. பம்பைத் தொடங்குவது, வால்வைச் சரிபார்ப்பது, ஆலையை ஒழுங்காக நிறுத்துவது போன்ற வேலைகளை உண்மையான இரும்பிலேயே பழகலாம். சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் பட்டப்படிப்பில் நிறுவனங்களில் மாதக்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டே கற்கும் காலம் பாடத்திட்டத்தின் பகுதியாகவே உள்ளது.

தமிழகத்தில் இதன் வேர் 1944ல் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த நன்கொடையில் எழுந்த ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி, வேதிப் பொறியியலையும் துணி, தோல் தொழில்நுட்பங்களையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பித்தது. சாயமும் பதனிடலும் துணியும் அந்த மண்ணின் தொழில்கள். பக்கத்துப் பட்டறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே படிக்கும் வாய்ப்பு அதில் இருந்தது. இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். தமிழகத்திலிருந்து வந்து இங்கே பணிபுரியும் வேதிப் பொறியாளர்களில் இக்கல்லூரியின் பெயரை அறியாதவர் அநேகமாக இருக்க மாட்டார்.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். இன்றைய ஆலையை யாரும் கையால் திருகி நடத்துவதில்லை. கட்டுப்பாட்டு அறையில் திரை முன் அமர்ந்துதான் நடத்துகிறார்கள். ஆகவே கணினி மாதிரிகளில் பயிற்சி கொடுப்பதே பொருத்தம், செலவும் குறைவு, யாருக்கும் காயமும் வராது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. விமானிகள்கூட அப்படித்தான் பழகுகிறார்கள். வெடிப்பையும் கசிவையும் நிஜத்தில் நடத்திக் காட்ட முடியாது, கணினியில் காட்டலாம்.

ஆனால் கணினிக்குள் இருக்கும் குழாயில் துரு பிடிக்காது. வால்வு பாதியில் சிக்கிக்கொள்ளாது. வெப்பமானி பொய் சொல்லாது, பொய் சொல்லும்படி யாராவது நிரல் எழுதியிருந்தாலொழிய. திரையில் தெரியும் எண் தவறாக இருக்கலாம் என்ற சந்தேகம், ஒரு முறையாவது தவறான கருவியோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் வரும். முதலில் இரும்பு, பிறகு திரை என்ற வரிசைதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், கல்லூரிகளின் ‘ஓப்பன் ஹவுஸ்’ நாளில் சம்பளம் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவற்றோடு இவற்றையும் கேட்கலாம். ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள்? முதலாண்டிலேயே அதைத் தொட விடுவீர்களா, மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டுமா? ஆலையைத் தொடங்கவும் நிறுத்தவும் மாணவரே செய்கிறாரா, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதில் எண்களை மட்டும் குறிக்கிறாரா? விடை தெரியாத சோதனை ஏதேனும் உண்டா? சோதனை தோற்றால் மதிப்பெண் குறையுமா, தோற்றதற்கான காரணத்தைச் சரியாக எழுதினால் கூடுமா?

கடைசிக் கேள்விக்கு ஆசிரியர் உற்சாகமாகப் பதில் சொல்லத் தொடங்கினால், சற்று நேரம் நின்று கேளுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் சந்தையில் சிராய் வாங்க மறக்க வேண்டாம். 300 கிராம் போதும். பனிக்கட்டிதான் நிறைய வேண்டியிருக்கும்.